மெத்தைக் கடைக்காரனின் முதுகு

என் இடுப்பை மிதிக்கச் சொல்லி ஆள் வரவழைத்தவன் நானே. தரையில் பாயை விரித்தது, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தது, “தயங்காம ஏறு மச்சான்” என்று உற்சாகப்படுத்தியது எல்லாமே நான்தான். மிதிக்க வந்தவனுக்கு அதற்கு முன் ஏலக்காய் போட்ட டீயும் கொடுத்து உபசரித்திருந்தேன். ஆகவே இதில் வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. அந்த முட்டாள்தனம் முழுக்க முழுக்க எனக்கே சொந்தம்.

அதற்கு மேல் ஒரு அழகு உண்டு. அப்போது பம்மலில் நான் நடத்திக்கொண்டிருந்தது மெத்தைக் கடை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். கடை வாசலில் “முதுகு வலியா? உள்ளே வாருங்கள்” என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி வைத்திருந்தேன். உள்ளே வந்தவர்களை லேசில் விடமாட்டேன். தேங்காய் நார் மெத்தையைக் கையால் தட்டித் தட்டி, முதுகெலும்பைப் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்வேன். முதுகில் மொத்தம் எத்தனை எலும்பு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றைப் பற்றியும் பேசுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது.

கடையில் வாய் என்னுடையது என்றால் கை என் மனைவியுடையது. கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. தலையணை உறைகளை அவள் மெஷினில் தைப்பாள். இலவம் பஞ்சு மெத்தைக்கு ஓரம் பிடிப்பது மட்டும் கை வேலை. பஞ்சைத் திணித்த பிறகு, தடித்த ஊசியால் நாலு பக்கமும் கயிறு முறுக்கியது போல ஓரத்தை எழுப்பித் தைக்க வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் ஆறே மாதத்தில் மெத்தை, மழையில் நனைந்த பூனை மாதிரி ஆகிவிடும். அவள் பிடித்த ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். அந்த ஓரத்துக்காகவே குரோம்பேட்டையிலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் பேசும் பேச்சுக்காக வருகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடமாகவே காலையில் அவள் விரல்கள் மடங்குவதில்லை. விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தரையில் தொழுதவள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினாள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டுவாள். இதையெல்லாம் பார்த்து நான் செய்த ஒரே காரியம் ஜோக் அடித்ததுதான். “விரலுங்க ஸ்ட்ரைக். பத்து மணிக்குத்தான் பேச்சுவார்த்தை முடியும்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவளுக்கு மகாராணிப் பட்டம் வேறு. நோய் என்ன என்பதையும் நாங்களே தீர்மானித்துவிட்டோம்: வாயு. வீட்டில் உருளைக்கிழங்கு தடை செய்யப்பட்டது. அந்தக் கிழங்கு ஒரு பாவமும் அறியாதது.

இனி என் முதுகுக்கு வருகிறேன்.

கீழ்க்கட்டளையில் ஒரு புது ஃபிளாட், இரண்டாவது மாடி. மெத்தை வாங்கியவர் ரிட்டையர் ஆன ஒரு சார். டிரைசைக்கிள்காரர் தெருவோடு நின்றுவிட்டார், மாடி ஏறுவது அவர் வேலையில்லை. ரெண்டு பேராகத் தூக்கலாமே என்று சார் கையைக் கொடுக்க வந்தார். “சார், இது என் தொழில்” என்று சொல்லிவிட்டு, இடுப்பை வில்லாக வளைத்து இரட்டைக் கட்டில் மெத்தையைத் தனியாக ஏற்றினேன். முதல் மாடி வரை ராஜநடை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் மெத்தையும் நானும் ஒரே சமயத்தில் திரும்பினோம். மெத்தை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். உள்ளே எங்கோ ‘டக்’ என்றது. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில், மூடவும் திறக்கவும் முடியாத பூட்டு மாதிரி அப்படியே மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மெத்தையைத் தனியாகவும் என்னைத் தனியாகவும் மேலே கொண்டுபோனார்கள். சார் நல்ல மனிதர். மெத்தையை விரித்து என்னைப் படுக்க வைத்தார். அந்தப் புது மெத்தையில் முதலில் படுத்தவன் நான்தான். தலைமாட்டில் நின்று அவர் மெதுவாகக் கேட்டார்: “முதுகு வலிக்கு நல்லதுன்னுதானே சொல்லி வித்தீங்க?”

இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். தைலம், ஒத்தடம், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்ன யோசனைகள். இவற்றில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று. பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்தவர்கள் ஏறி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு உடனே விட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு, அம்மன் கோயில் தெரு மூன்றிலும் இந்த நம்பிக்கை உண்டு. மற்ற விஷயங்களில் மூன்று தெருவும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. என் மாமியார் இருந்த காலத்தில், தன் இரண்டு பிள்ளைகளில் ஒன்று கால் முதலில் வந்து தன்னைப் பாடாய்ப் படுத்தியது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளில் ஒன்று என் மனைவி, இன்னொன்று அவள் தம்பி. தம்பி தோல் பதனிடும் ஷெட்டில் மெஷின் ஃபிட்டர். கதவு அளவு உடம்பு. ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் வைத்துப் பேசுகிறவன். அவனைப் பார்த்தால் கால் முதலில் வந்த ஆள் மாதிரிதான் இருக்கும்.

“உன் தம்பியத்தானே உங்க அம்மா சொன்னாங்க? வரச் சொல்லேன்” என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு, “ஆஸ்பத்திரிக்குப் போலாமே” என்றாள். நான் கேட்கிற ஆளா? “சரி, அவனையே கூப்பிடுறேன்” என்று போனை எடுத்தாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். டீயைக் குடித்தான். காலைக் கழுவினான். “வலி எங்க கீது?” என்றான். காட்டினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினான். அவன் கல்யாணத்திலிருந்து நோன்புப் பெருநாள் விருந்து வரை பத்து வருடமாக அவன் மீசையை, மோட்டார் சைக்கிளை, குறட்டையை நான் கிண்டல் செய்திருக்கிறேன். ஒன்றுக்கும் அவன் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். முதல் மிதிக்குப் பல்லைக் கடித்தேன். இரண்டாவதுக்குச் சாகப்போகிறவன் மாதிரி கலிமா சொன்னேன். மூன்றாவது மிதியில் இடுப்பிலிருந்து கரண்ட் மாதிரி ஒன்று கிளம்பி, தொடை வழியாக இறங்கி இடது கால் பெருவிரலில் போய் நின்றது.

இறங்கி ஓரமாக நின்றான். “போதுமா மச்சான்?”

மறுநாள் தும்மக்கூட முடியவில்லை. பம்மல் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போனால் மிச்சமிருக்கும் எலும்பும் கழன்றுவிடும் என்பதால், மச்சான் யாரிடமோ கார் கேட்டு வாங்கி வந்தான். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் தடவித் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மெத்தை என்ற வார்த்தையை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, என் தொழில் அவருக்கு அப்போது தெரியாது. என் மனைவி எடுத்துச் சொன்னதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மூத்திரம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா என்று கேட்டார். அதெல்லாம் ஒழுங்காகப் போகிறது டாக்டர், நான்தான் எங்கும் போக முடியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படி ஏதாவது ஆனால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் அடங்கிவிடும், நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கக் கூடாது, தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும் என்றார். யார் மிதித்தது என்று கேட்டார். கதவோரம் நின்றவனைக் காட்டினேன். டாக்டர் அவன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னை ஃபிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மேடம். உருவம் சின்னது, குரல் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் குரல். நாற்பத்தைந்து வயதில் எனக்குப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒருக்களித்துப் படு, காலை முதலில் கீழே தொங்கவிடு, கையை ஊன்றி எழு. பொருளைத் தூக்கும்போது முட்டியை மடக்கு, வயிற்றோடு ஒட்டிப் பிடி, திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருப்பாதே, பாதத்தைத் திருப்பு. இத்தனை வருடம் மெத்தை சுமந்தவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. எந்த மெத்தை நல்லது என்று தொழில் ஆர்வத்தில் கேட்டேன். கட்டாந்தரையும் வேண்டாம், குழியாக அமுங்குவதும் வேண்டாம், எதில் படுத்தால் தூக்கம் வருகிறதோ அது நல்லது என்றார். என் கால் மணி நேரப் பிரசங்கம் ஒரே வரியில் முடிந்துபோனது.

மூன்றாவது தடவை போனபோது வீட்டில் செய்ய ஒரு பயிற்சி சொன்னார். நான் மல்லாந்து படுத்திருக்க, இன்னொருவர் குதிகாலைப் பிடித்து மெதுவாக உயர்த்த வேண்டும். “நீங்க பிடிங்கம்மா” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். அவள் பிடித்தாள். பிடித்த வேகத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டாள். என் கால் தொப்பென்று விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் என்னை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலையில் மடக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். கொஞ்ச நேரம் என்றாள் இவள்.

“பத்து மணி வரைக்கும் ஸ்ட்ரைக் மேடம். அப்புறம்தான் பேச்சுவார்த்தை” என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். ஐந்து என்றேன். ஒரு கையா, இரண்டு கையுமா? இரண்டும்தான், யூனியன் ஒற்றுமை என்றேன், கொஞ்சம் சுருதி இறங்கி. எத்தனை நாளாக? ஒரு வருடமாக. மூடி திறக்கிறார்களா? இல்லை, என்னிடம்தான் கொடுப்பாள். தரையில் உட்காருகிறார்களா? நாற்காலியில்தான். ஒரு வருடமாகக் கடைத்தெருவில் நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அத்தனையையும் அவர் ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ஜோக்கெல்லாம் தீர்ந்ததும் பேனாவை மூடினார்.

“உங்க முதுகு தானா சரியாயிடும் சார். இவங்க கை காத்திருக்காது.”

அதே ஆஸ்பத்திரியில் மூட்டு வாதத்துக்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா இருந்தார். ரத்தம் எடுத்தார்கள், இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இது வாயுவும் இல்லை, வயசும் இல்லை என்றார் அவர். வயதானால் முட்டி தேய்கிறதே அந்த வகையும் இல்லை. உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தியே ஆள் மாறி, சொந்த மூட்டைப் போய்த் தாக்குகிறது. வீக்கத்தை அப்படியே விட்டால் எலும்பை அரித்து, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இன்னும் அரிக்கத் தொடங்கவில்லை. சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார்.

பிறகு அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினார். என் மனைவி “அம்மா” என்று துள்ளினாள். காலையில் தரையில் கால் வைத்தால் கூழாங்கல் மேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாள். எனக்கு அது புதுச் செய்தி. கையைப் பற்றியாவது எனக்குத் தெரியும், ஜோக் அடித்திருக்கிறேன். காலைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். அதுக்கும் ஏதாவது சொல்வீங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் பேசவில்லை. கார் ஓட்டிய மச்சான் அதிசயமாகத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும், எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்களில் தையல் மெஷின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. மெத்தை ஓரத்தை வெளியில் கொடுத்தேன். பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து வந்தது. தடித்த ஊசி குத்தியிருந்த சுண்ணாம்புச் சுவரை அவள் கடக்கும்போது ஒரு தடவை பார்ப்பாள். அந்த ஊசியை இனிமேல் பிடிப்போமா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் ஜோக் இருந்திருக்காது.

முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மறந்தும் தினமும் போடக் கூடாது, அது ஆபத்து என்று டாக்டரம்மா மூன்று தடவை சொல்லியிருந்தார். நாங்கள் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் நானே எடுத்துக் கொடுத்து காலண்டரில் அடையாளம் போடுவேன். அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்கும் நானே கூட்டிப்போவேன். கடையில் வீணாகும் ஃபோம் துண்டுகளை வெட்டி, கரண்டி, கத்தி, தோசைத்திருப்பி எல்லாவற்றின் பிடியிலும் சுற்றி ஒட்டினேன். பிடி தடிமனாக இருந்தால் விரல் அதிகம் மடங்க வேண்டாம் என்று ஃபிசியோ மேடம் சொன்னது. எங்கள் அடுப்படி முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊட்டி மாதிரி இருந்தது. திருகு குழாய்களை மாற்றி, புறங்கையால் தள்ளினாலே திறக்கும் நீளப்பிடிக் குழாய் போட்டேன்.

பள்ளிவாசலில் எனக்கும் நாற்காலிதான். கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழும் பெரியவர்களுக்கு நான் வைத்திருந்த பெயர் பால்கனி டிக்கெட். முதல் நாள் இடுப்பில் பெல்ட்டோடு போய் நின்றேன். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்து, “வாங்க, ஃபர்ஸ்ட் ஷோவா?” என்றார். வீட்டிலும் இரண்டு நாற்காலி. கல்யாண மேடை மாதிரி இருவரும் உட்கார்ந்து தொழுதோம். அந்த நாட்களில் இறைவனிடம் நான் கேட்ட துஆ ஒன்றே ஒன்று. அந்த ஊசியை அவள் மறுபடி பிடிக்க வேண்டும். என் முதுகைப் பற்றிக் கேட்க மறந்துபோவேன். எழுந்திருக்கும்போது அதுவே ஞாபகப்படுத்தும்.

மூன்று மாதம் தாண்டி ஒரு நாள் காலை. நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் ‘பட்’ என்று ஒரு சத்தம். ஊறுகாய் பாட்டில் மூடி. என்னிடம் நீட்டாமல் அவளே திறந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டுகூட ஆகவில்லை. அவள் ஊறுகாயைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு இட்லிக்குச் சட்னியைத் தொடாமல் அந்த ஊறுகாயையே தொட்டுத் தின்றேன்.

நோய் ஓடிப்போய்விடவில்லை. சில காலைகளில் இன்னும் வெந்நீர்ப் பாத்திரம் வேண்டியிருக்கிறது. இது கூடவே வரும், ஆனால் முன்னால் போக விடக் கூடாது என்பது டாக்டரம்மா சொன்னது. என் முதுகும் அப்படித்தான், மரியாதை கொடுத்தால் மரியாதை கொடுக்கிறது. தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் நடக்கிறோம். கடை போர்டை மாற்றி எழுதினேன்: “முதுகு வலியா? முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு உள்ளே வாருங்கள்.”

அடுத்த வருடம் மச்சான் பள்ளிக்கரணையில் வீடு பார்த்துக் குடிபோனான். ஜன்னலைத் திறந்தால் சதுப்பு நிலம், அதில் நிற்கிற நாரைகள். அவனுக்கு ஒரு இலவம் பஞ்சு மெத்தை கொண்டுபோனோம். அந்த மெத்தையின் ஓரத்தை என் மனைவி தைத்திருந்தாள். ஒரே மூச்சில் இல்லை, தினமும் கொஞ்சம், விரலுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, பத்து நாள். நோய்க்குப் பிறகு அவள் முழுசாகப் பிடித்த முதல் ஓரம் அது. கோடு போட்ட மாதிரி இருந்தது.

மாடிப்படியில் அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. நான் முட்டியை மடக்கும் வரை அவன் பொறுமையாக நின்றான். மேலே போய்க் கட்டிலில் போட்டதும் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். என் மனைவி கீழே வண்டியில் மிச்சச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடக் கிண்டலுக்குப் பதிலாக ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நீ அன்றைக்கு மிதிக்காவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன், நான் போகாவிட்டால் உன் அக்கா கையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், இந்த ஓரமும் இருந்திருக்காது என்று சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நீ கால் முதல்ல வந்து பொறந்த ராசிதான் மச்சான்” என்று முடித்தேன்.

அவன் தலையணையைத் தட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“கால் மொதல்ல வந்தது அக்கா, மச்சான். நான் இல்ல.”